கூரை வேலை முடிந்த வளவில் ஆணி பொறுக்குவது எப்படி?

கேள்வி இதுதான். இணுவிலில் பழைய ஓட்டு வீடு. சிலாகை (ஓட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டம்) உக்கிப் போனதால் ஓடு முழுவதையும் இறக்கி, புதுச் சிலாகை அடித்து, குசினிப் பக்கத்துக்குத் தகரமும் போட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து பத்து நாள் ஆகிறது. அதற்குள் சைக்கிள் ரியூப் இரண்டு தரம் ஒட்டியாகிவிட்டது. மாமியின் செருப்பில் ஓர் ஆணி ஏறியிருக்கிறது. காலையும் மாலையும் முற்றம் கூட்டியும் ஆணி வந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் தவழ்கிற பிள்ளை ஒன்று. எப்படி எல்லாவற்றையும் எடுப்பது?

தம்பி, முதலில் கூட்டுவதை நிறுத்துங்கள். உங்கள் வளவில் ஆணி குறையாததற்குப் பெரிய காரணம் அந்த விளக்குமாறுதான்.

ஆணி மெல்லியது, ஆனால் பாரமானது. ஈர்க்கு விளக்குமாறு சருகையும் தூசியையும் இழுத்துக்கொண்டு போகும். ஆணியை ஒரு சுண்டு சுண்டி உருட்டும், அவ்வளவுதான். உருண்ட ஆணி மண்ணில் சாய்ந்து கிடக்க, விளக்குமாறு கிளப்பிய புழுதி அதன்மேல் படியும். மேலே கண்ணுக்குத் தெரிந்துகொண்டு கிடந்தது இப்போது அரை அங்குலம் கீழே. மிச்சம் கஞ்சலோடு சேர்ந்து வீட்டின் பின்கோடிக்குப் போய், அங்கிருந்து வாழையடிக்குப் போகும். ஆறு மாதம் கழித்து வாழைக்குப் பாத்தி கட்டும்போது காலில் ஏறுவது அந்த ஆணிதான். கூரை வேலை நடந்த வளவில் ஆணி எடுத்து முடியும்வரை விளக்குமாறு சீமெந்துத் தரைக்கு மட்டும்.

எத்தனை ஆணி கிடக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் வேலையின் அளவு தெரியும். சிலாகை ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒன்று, கைமரம் இரண்டு அடிக்கு ஒன்று என்று வைத்தால், கூரையில் 2 சதுர அடிக்கு ஓர் ஆணி. 1200 சதுர அடிக் கூரை என்றால் 600 பழைய ஆணி. அதில் பத்தில் ஒன்று கீழே தவறியிருந்தாலும் 60. புதுச் சிலாகைக்கு வாங்கிய 2 அங்குல ஆணி கிலோவுக்கு ஏறக்குறைய 400 இருக்கும். அதிலும் வளைந்தது, கைதவறியது என்று கொஞ்சம் விழுந்திருக்கும். பனஞ்சிலாகை என்றால் இன்னும் கூட. வைரம் பாய்ந்த பனையில் துளை போடாமல் அடித்தால் ஆணி வளையும். வளைந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். ஆகவே பத்துப் பன்னிரண்டு ஆணி பொறுக்கிவிட்டு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எடுப்பதை ஒரு பேணியில் போட்டு எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டு வருவதுதான் வளவு துப்புரவாகிறது என்பதற்கு அடையாளம்.

எங்கே விழும் என்பது அடுத்தது. வளவு முழுவதும் ஒரே சீராகக் கிடக்காது. நான் பார்த்த வீடுகளில் அதிகம் அகப்படுவது ஐந்து இடங்களில். தாழ்வாரத்தின் நேர்கீழே, சுவரிலிருந்து ஓர் ஆறேழு அடி அகலத்துக்கு. ஏணி சாத்தியிருந்த இடம். பழைய மரம் குவித்து ஆணி பிடுங்கிய இடம், இதுதான் எல்லாவற்றிலும் மோசம். புதுச் சிலாகை அறுத்த இடம். அப்புறம், பழைய மரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோன வழி, முற்றத்திலிருந்து படலை தாண்டி ஒழுங்கை வரைக்கும். உங்கள் ரியூப் இரண்டு தரம் போனதற்குக் காரணம் இந்தக் கடைசி இடமாகத்தான் இருக்கும். படலையடியையும் ஒழுங்கையையும் ஒருவரும் பார்ப்பதில்லை. ஒழுங்கையால் போய்வரும் அயலவர்களின் பிள்ளைகளையும் நினைத்து அதையும் உங்கள் வளவாக எண்ணிப் பாருங்கள்.

நிலத்தில் இறங்குவதற்கு முன் மேலே பார்க்க வேண்டும். கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலிக்குள்ளும் சன்னல் மேல் சீமெந்துத் தட்டிலும் ஆணி தங்கியிருக்கும். நீங்கள் கீழே துப்புரவாக்கி முடித்தபிறகு முதல் மழை அவற்றைக் கொண்டுவந்து போடும். தகரப் பீலி என்றால் ஆணி கிடந்து கறள் பிடித்த இடத்தில் பீலியும் அரித்துப் போகும். ஏணி வைத்துக் கையால் எடுங்கள். ஓட்டுக் கூரையில் ஏற வேண்டாம், புதிதாகப் போட்ட ஓடு விலகும்.

குசினிப் பக்கத்தில் முன்பு கிடந்தது பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதன் உடைசல்கள் நிலத்தில் கிடந்தால் காயக் காயக் கூட்டக் கூடாது. அந்தத் தூசியில் உள்ள நுண்ணிய நார் நெஞ்சுக்குள் போய் பல பத்து ஆண்டுகள் கழித்து நோயாக வரக்கூடியது. தண்ணீர் தெளித்து நனைத்து, துண்டுகளைக் கையுறையோடு பொறுக்கி, தடித்த பையில் கட்டிவிட்டுத்தான் ஆணிக்கு வர வேண்டும்.

சரி, இனி ஆணிக்கு வருவோம். முதல் சுற்று கண்ணால். நடுப்பகல் வெயிலில் தேடினால் பாதி தெரியாது. உங்கள் பக்கம் செம்மண், கறள் பிடித்த ஆணியும் அதே நிறம். காலை ஏழு மணிக்கு முன், அல்லது பின்னேரம் ஐந்து மணிக்குப் பின், சூரியன் சாய்ந்திருக்கும்போது சூரியனைப் பார்த்தபடி மெல்ல நடவுங்கள். சின்ன ஆணிக்கும் நீளமாக நிழல் விழும். அந்த நிழலைத்தான் கண் பிடிக்கும். இரவில் டோர்ச் லைற்றை நிலத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தாலும் அதே பலன், பலருக்கு அது இன்னும் சுலபம். இந்தச் சுற்றுக்குச் சப்பாத்துப் போடுங்கள். றப்பர் செருப்பு 2 அங்குல ஆணிக்குத் தடையே இல்லை.

இரண்டாம் சுற்று காந்தம். கூரை ஆணி எல்லாம் இரும்பு, மேலே பளபளப்பாகத் தெரிவது மெல்லிய துத்தநாகப் பூச்சு. ஆகவே தகரத்துக்கு அடிக்கிற குடைத்தலை ஆணியும் காந்தத்தில் ஒட்டும். அலுமினியத் துண்டு, செம்புக் கம்பி, தகர ஆணியின் றப்பர் வாசர் இவை ஒட்டாது, அவை கண்ணுக்குத்தான்.

இதற்கென்று கடைக் காந்தம் தேட வேண்டியதில்லை. றேடியோ திருத்துகிற கடைகளில் பழுதான பெரிய ஸ்பீக்கர் கேட்டால் கிடைக்கும். அதன் பின்பக்கத்தில் உள்ள கறுப்பு வளையம்தான் நமக்கு வேண்டியது. இரண்டு பக்கமும் இரும்புத் தகடு ஒட்டியிருக்கும். ஒரு பக்கத் தகட்டை அப்படியே விட்டு, மற்றப் பக்கத்தை மட்டும் கழற்றி, வெறும் பக்கம் நிலத்தைப் பார்க்கிற மாதிரி வைத்தால் இழுவை நல்லாக இருக்கும். அது கல் மாதிரி, கைதவறி விழுந்தால் உடையும், கவனம். மூன்று நான்கு வளையத்தை ஒரு சிலாகைத் துண்டில் வரிசையாகக் கட்டி, இரண்டு பக்கமும் கயிறு போட்டுத் தோளில் தொங்கவிட்டால் முற்றம் முழுவதும் குனியாமல் நடக்கலாம். வீட்டில் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர் இருந்தால் இந்த வேலையை அவருக்குக் கொடுக்க வேண்டாம்.

காந்தத்தைப் பொலித்தீன் பை ஒன்றுக்குள் போட்டுக் கட்டுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இதைச் செய்யாதவர்கள் அரை மணித்தியாலத்தில் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். நம் மண்ணில் காந்தத்தில் ஒட்டுகிற கறுப்புத் தூள் இருக்கிறது. செம்மண்ணிலும் உண்டு, கடற்கரை மணலிலும் உண்டு. கொஞ்ச நேரத்தில் காந்தம் முழுவதும் மயிர் முளைத்தது போல ஆகிவிடும், கையால் துடைக்கப் போகாது. பை இருந்தால் பேணிக்கு மேலே பிடித்துக்கொண்டு காந்தத்தை வெளியே இழுத்தால் ஆணியும் தூளும் தானாக விழும்.

முக்கியமானது உயரம். காந்தத்தின் இழுவை தூரம் கூடக் கூட மிக வேகமாகக் குறையும். ஒரு முழ உயரத்தில் தூக்கிக்கொண்டு நடந்தால் ஓர் ஆணியும் வராது. நிலத்திலிருந்து இரண்டு விரல் உயரம், அதற்கு மேல் வேண்டாம். பாய் விரித்த மாதிரிக் கோடு கோடாகப் போங்கள், ஒவ்வொரு கோடும் முன்னைய கோட்டின் பாதியை மூடட்டும். வடக்குத் தெற்காக ஒருமுறை முடித்தபின் கிழக்கு மேற்காக ஒருமுறை. மண்ணில் குத்தி நிற்கிற ஆணி ஒரு பக்கம் போகும்போது அசைந்து, மறுபக்கம் போகும்போதுதான் வரும். அறுகம்புல் இருக்கிற இடத்தில் காந்தத்தைப் புல்லின்மேல் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். புல்வெட்டும் மெசினை இப்போதைக்கு வெளியே எடுக்காதீர்கள். அதன் அலகில் பட்ட ஆணி எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

ஏற்கெனவே மண்ணுக்குள் போனவற்றைக் காந்தம் மேலிருந்து எடுக்காது. அதற்கு அரிதட்டுத்தான். வளவு முழுவதும் அரிக்க வேண்டியதில்லை. தாழ்வாரத்தின் கீழே மூன்று அடி அகலத்துக்கு ஒரு கோடு, மரம் குவித்த இடம், பிள்ளை தவழ்ந்து விளையாடப்போகிற இடம், இந்த மூன்றையும் இரண்டு அங்குல ஆழத்துக்கு மண்வெட்டியால் வழித்து, கால் அங்குலக் கண் உள்ள அரிதட்டில் போட்டு அரித்து, அதே மண்ணைத் திரும்பக் கொட்டுங்கள். நெடுக்காக நழுவி விழுகிற ஆணிக்காகக் கீழே விழுந்த குவியலிலும் ஒருமுறை காந்தத்தை அளையுங்கள். இணுவில் செம்மண் காய்ந்திருக்கும்போதுதான் அரிபடும், நனைந்தால் அப்பிக்கொள்ளும். வடமராட்சிக் கரைப்பக்கத்து மணல் என்றால் அரிப்பது லேசு, ஆனால் அங்கே ஆணி இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும்.

அடுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. பழைய சிலாகையை என்ன செய்தீர்கள்? அநேகமாக விறகுக்கு அடுக்கியிருப்பீர்கள், எங்கள் வீடுகளில் ஒருவரும் அதை வீணாக்குவதில்லை. அதில் பிடுங்காமல் விட்ட ஆணி அடுப்பில் மரம் எரிந்தபின் சாம்பலில் கிடக்கும். அந்தச் சாம்பலால்தான் சட்டி பானை தேய்ப்போம், அதைத்தான் கத்தரிக்கும் வாழைக்கும் போடுவோம். ஆணி நெருப்பில் வெந்தாலும் ஆறியபின் காந்தத்தில் ஒட்டும். சாம்பல் அள்ளும்போதெல்லாம் ஒரு சின்னக் காந்தத்தை அதற்குள் விட்டுக் கிளறிப் பாருங்கள். அதைவிட நல்லது, ஒரு படங்கை விரித்து அதன்மேல் இருந்து இப்போதே எல்லாச் சிலாகையிலும் ஆணியைப் பிடுங்கிவிடுவது.

பசுமாடு இருக்கிறதா என்றும் சொல்லவில்லை. இருந்தால் வேலை நடந்த பக்கம் கட்ட வேண்டாம், அங்கே அறுத்த புல்லும் போட வேண்டாம். ஆடு நுனி உதட்டால் தெரிந்து கடிக்கும். மாடு நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கும், புல்லோடு ஆணியும் போகும். போன ஆணி தேன்கூடு மாதிரி இருக்கிற இரண்டாம் இரைப்பையில் தங்கும். அந்த இரைப்பைக்கும் இருதயத்துக்கும் நடுவில் மெல்லிய தடுப்புத்தான் இருக்கிறது. மாடு அசைபோட்டு வயிறு சுருங்கும்போது ஆணி முன்னுக்குக் குத்திக்கொண்டு போய் இருதயத்தைச் சுற்றிச் சீழ் வைக்கும். மாடு திடீரென்று தீனி விட்டு, பால் குறைந்து, முதுகை வளைத்துக்கொண்டு, முன்காலை அகட்டி நின்று முனகினால் உடனே மிருக வைத்தியரைக் கூப்பிட்டு, கூரை வேலை நடந்ததையும் சொல்லுங்கள். மாட்டை விழுங்க வைக்கிற காந்தம் ஒன்றே இருக்கிறது. வயிற்றுக்குள் ஆணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நேரத்தோடு தெரிந்தால்தான் அது உதவும்.

இப்போது மாமியின் கால். செருப்பில் ஏறியது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். காலில் பட்டதா என்று இன்றே பாருங்கள். நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் அம்மா. எங்கள் வீட்டுக் கூரை மாற்றி மூன்றாம் நாள், அவர் செருப்புக்குள்ளால் ஆணி ஏறி ஒரு பகல் முழுவதும் நடந்திருக்கிறார். சீனி வருத்தத்தில் பாதம் மரத்துப் போயிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. பின்னேரம் கிணற்றடியில் கால் கழுவும்போதுதான் தண்ணீர் சிவந்ததைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். அந்தப் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. சீனி வருத்தம் உள்ளவர் வீட்டில் இருந்தால், வளவு துப்புரவாகும்வரை ஒவ்வொரு இரவும் இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், செருப்பின் அடியையும் பாருங்கள்.

ஆணி குத்தினால் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, துப்புரவான துணி கட்டி, அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மண்ணெண்ணெய், மஞ்சள், சாம்பல், சாணம் எதுவும் காயத்தில் வைக்க வேண்டாம். ஏற்புவலி (ரெற்றனஸ்) கறளால் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் புது ஆணி என்றால் பயமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கிருமி மண்ணிலும் புழுதியிலும் சாணத்திலும் இருக்கிறது, காற்றுப் படாத ஆழமான சின்னத் துளையில்தான் அது பெருகும். பளபளக்கிற புது ஆணியும் அதே துளையைத்தான் போடும். நோய் பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் தலைகாட்டும், ஆகவே இரண்டு நாள் ஒன்றும் இல்லை என்று ஆறுதல்பட முடியாது. ஏற்பூசி கடைசியாக எப்போது போட்டது என்று டொக்டரிடம் சொல்லுங்கள். மண் பட்ட ஆழமான காயத்துக்கு, போட்டு 5 வருடம் கடந்திருந்தால் திரும்பப் போடுவது வழக்கம். நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லுங்கள். செருப்புக்குள்ளால் குத்தியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும், றப்பர்த் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். சில நாள் கழித்து நோவும் வீக்கமும் கூடினால் எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

இதை வாசிக்கிற வலிகாமம் வடக்குக்காரருக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1990 இல் போரால் விட்டுப்போய், பல ஆண்டுக்குப் பின் இராணுவத்திடமிருந்து விடுபட்ட காணியில் வீடு திருத்துகிறீர்கள் என்றால், மேலே சொன்ன அரிப்பும் கிளறலும் அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. அந்த மண்ணுக்குள் வெடிபொருள் கிடக்கலாம். கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்குக் கிடக்கிற ஆணி ஒவ்வொன்றும் ஒரு வேலை. கருவி கத்தினால் ஆணியா வேறு ஒன்றா என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் அங்குலம் அங்குலமாகத் தோண்டித்தான் பார்ப்பார்கள். பயிற்சி உள்ளவர்களே அப்படி என்றால் நாம் மண்வெட்டி போடலாமா? ஆணி, கம்பி, தகரம் என்று அடையாளம் தெரியாத இரும்பு எதையும் தொடாமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டுப் பொலிசுக்கு 119 இல் சொல்லுங்கள்.

அடுத்த முறைக்கு: வேலை தொடங்கும் முன்பே தாழ்வாரத்தைச் சுற்றிப் படங்கு விரித்து, கிணற்றையும் மூடிவிடுங்கள். ஓடாவியாருக்கு இடுப்பில் கட்ட ஒரு பேணி கொடுத்து, பிடுங்குகிற ஆணியை அதில் போடச் சொன்னால் பெரும்பாலானோர் மறுக்க மாட்டார்கள். அவர்களின் காலும் அதே நிலத்தில்தான் நடக்கிறது. ஒவ்வொரு நாளும் வேலை விடுகிற நேரத்துக்குக் கால் மணித்தியாலம் முன்பு எல்லோருமாகப் பொறுக்குவது என்று கூலி பேசும்போதே பேசிவிடுங்கள். பிறகு கேட்டால் மனஸ்தாபம்தான் வரும்.

இனி உங்களுக்கு மிச்சம் இருப்பது மாரி. இப்போது எவ்வளவு தேடினாலும் ஐப்பசி மழை ஒரு பங்கை வெளியே கொண்டுவரும். தாழ்வாரத்தால் ஒழுகுகிற தண்ணீர் மண்ணைக் கரைத்து, பாரமான ஆணியை அந்த இடத்திலேயே விட்டுப்போகும். முதல் பெருமழை விட்ட மறுநாள் காலை, பிள்ளையை விறாந்தையிலேயே வைத்துக்கொண்டு, தாழ்வாரக் கோட்டையும் தண்ணீர் ஓடித் தேங்கிய பள்ளத்தையும் படலையடியையும் பாருங்கள். மாரி முடியும்வரை இரண்டு மூன்று தரம் இப்படிப் பார்க்க வேண்டிவரும். காந்தத்தைக் கழற்றி வைக்காமல் தை பிறக்கும்வரை குசினி வாசலிலேயே தொங்கவிடுங்கள். எண்ணிய ஆணிகளைப் பேணியோடு பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாம். வளைந்ததை நிமிர்த்தி வேலிக்கு அடிக்கலாம் என்று எடுத்துவைக்க வேண்டாம், அது திரும்ப நிலத்துக்குத்தான் வரும்.